ஜெர்மனி எம்.எஸ். கனவுக்கு நஞ்சையை விற்கணுமா? ஒரு டெல்டா குடும்பத்தோட கணக்கு



போன மாசம் தஞ்சாவூர் ஆபீஸுக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க. ஒரத்தநாடு பக்கம். அப்பா கையில மஞ்சப்பை, அதுக்குள்ள மூலப்பத்திரம், சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அடுக்கி இருந்தது. பையன் மெக்கானிக்கல் இன்ஜினியர், வயசு 26, ஒரகடத்துல ஒரு கார் பாகங்கள் கம்பெனியில வேலை. கையில வர்ற சம்பளம் 48,000. ஜெர்மனியில முதுகலை படிக்கணும்னு ஆசை. டவுன்ல ஒரு ஏஜென்ட்டைப் பார்த்திருக்காங்க. "முப்பது லட்சத்துல எல்லாம் முடிஞ்சிடும், ரெண்டு ஏக்கரை வித்துடுங்க"ன்னு அவர் சொல்லியிருக்கார். வாங்க ஆளும் ரெடி.

அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, ஜெர்மனியில ஃபீஸே கிடையாதுங்கிறாங்க. அப்புறம் எதுக்கு முப்பது லட்சம்?"

சரியான கேள்வி. படிச்ச பையன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்பா கேட்டார். அந்த ஒரு மணி நேரம் நாங்க போட்ட கணக்கைத்தான் உங்களுக்கும் எழுதுறேன். உங்க சம்பளம், உங்க ஊர் வேற மாதிரி இருக்கலாம். கணக்கு போடுற முறை ஒண்ணுதான்.

ஃபீஸ் இல்லைங்கிறது எவ்வளவு உண்மை?

பெரும்பாலும் உண்மை. ஜெர்மனியில அரசு பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலான மாநிலங்கள்ல வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் இருக்கும், பொதுவா 100-ல இருந்து 400 யூரோவுக்குள்ள. ரெண்டு முக்கியமான விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல (ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் இங்கதான்) 2017-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டர்ல இருந்து முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000-ல இருந்து 6,000 யூரோ வரை வாங்குது.

ஏஜென்ட் சொன்ன கல்லூரி இந்த ரெண்டுலயும் சேராது. அது ஒரு தனியார் கல்லூரி. வருஷத்துக்கு பத்து லட்சம் கல்விக் கட்டணம். அரசு பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுக்கு கமிஷன் கொடுக்கிறதில்லை, தனியார்ல பல கொடுக்கும். தனியார் எல்லாமே மோசம்னு நான் சொல்ல வரலை. ஆனா உங்களுக்கு ஒரே ஒரு கல்லூரி பேரை மட்டும் ஒருத்தர் சொன்னா, அவருக்கு யார் பணம் தர்றாங்கன்னு கேளுங்க.

"உனக்கு அரசு பல்கலைக்கழகம் கிடைக்காதுன்னு சொல்லிட்டார் அண்ணா"ன்னு பையன் சொன்னான். பார்த்துடலாம்னு மார்க் ஷீட்டை எடுத்தோம். சிஜிபிஏ 7.6. ஜெர்மன்காரங்களுக்கு 1 தான் உச்ச மதிப்பெண், 4 தேர்ச்சி எல்லை. நம்ம மார்க்கை மாத்த ஒரு சூத்திரம் வச்சிருக்காங்க, பேரு திருத்தப்பட்ட பவேரிய சூத்திரம். அதிகபட்ச மதிப்பெண்ல இருந்து உங்க மதிப்பெண்ணைக் கழிங்க. அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க. மூணால பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க. அதிகபட்சம் 10, தேர்ச்சி 5-ன்னா, 7.6-க்கு வர்றது 2.44. பல முதுகலைப் படிப்புகள் 2.5 வரைக்கும் ஏத்துக்குது. அதாவது 7.5-க்கு மேல இருந்தா கதவு திறந்திருக்கு, இடம் உறுதின்னு அர்த்தம் இல்லை. 6.5-ன்னா 3.1 வரும், கஷ்டம். பொறியியல்ல இன்னொண்ணு: சிஜிபிஏ மட்டும் இல்லாம, நீங்க படிச்ச பாடங்கள் அவங்க பாடத்தோட எவ்வளவு பொருந்துதுன்னு கிரெடிட் கணக்குல பார்ப்பாங்க. இளங்கலை சிலபஸ் முழுசும் எடுத்து வச்சுக்குங்க.

மூணு வேலி நெல்லு

இப்போ பெரிய தொகைக்கு வருவோம். மாணவர் விசாவுக்கு, ஒரு வருஷம் சாப்பிட, தங்க பணம் இருக்குன்னு காட்டணும். அதுக்கு முடக்கப்பட்ட கணக்கு, 'பிளாக்டு அக்கவுண்ட்'னு சொல்றது. 2024 செப்டம்பர்ல இருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. கணக்குக்கு சுலபமா யூரோவுக்கு 100 ரூபாய்னு வச்சா கிட்டத்தட்ட 11.9 லட்சம்.

அப்பாவுக்கு யூரோ புரியலை. அதனால நெல்லுல சொன்னேன். 2025-26 பருவத்துல கொள்முதல் நிலையத்துல சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபாய் (மாநில ஊக்கத்தொகை சேர்த்து). 11.9 லட்சத்துக்கு 476 குவிண்டால் போடணும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில 40 மூட்டை கண்டா 24 குவிண்டால். ஆக கிட்டத்தட்ட இருபது ஏக்கர், அதாவது மூணு வேலி, ஒரு போகம் முழுசும். அதுவும் உரம், ஆள் கூலி, அறுவடை மெஷின் வாடகை எதையும் கழிக்காம. இவங்களுக்கு இருக்கிறது ஆறு ஏக்கர்.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை.

ஆனா அவருக்கு நான் சொன்ன அடுத்த விஷயம் முக்கியம். இது செலவாகிப் போற ஃபீஸ் இல்லை. அது பையன் பேர்லயே இருக்கிற பணம். அங்க போய் இறங்கினதும் மாசம் 992 யூரோவா அவன் கணக்குக்கு வரும், அதுலதான் வாடகை, சாப்பாடு, மாணவர் மருத்துவக் காப்பீடு எல்லாம். விசா கிடைக்கலைன்னா பணம் திரும்ப வரும், ஆனா கணக்கு திறந்த கட்டணமும் யூரோ மாத்தின நஷ்டமும் உங்க தலையில.

"அப்போ விசாவுக்கு காட்ட மட்டும் ஊர்ல ரெண்டு வட்டிக்கு வாங்கி வச்சிட்டு, திருப்பிக் கொடுத்துடலாமா?" இதை ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பாங்க. முடியாது. அது முடக்கப்பட்ட கணக்கு, மொத்தமா எடுக்க விடாது. 12 லட்சத்துக்கு ரெண்டு வட்டின்னா மாசம் 24,000. பையனுக்கு அங்க வர்றது மாசம் சுமார் ஒரு லட்சம், அது அவன் சாப்பாட்டுக்கே சரி. வட்டியை அப்பா நெல்லு வித்து கட்டணும். அசல் அப்படியே நிக்கும்.

இது போக சில்லறைச் செலவு. இந்தியர்களுக்கு 2022 நவம்பர்ல இருந்து கட்டாயமாகின ஏபிஎஸ் சான்றிதழ் 18,000 ரூபாய். விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் வழியா போனா முதல் பல்கலைக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்த ஒவ்வொண்ணுக்கும் 30 யூரோ. அஞ்சு இடம் போட்டா 195 யூரோ. விசா 75 யூரோ. ஆங்கிலத் தேர்வு, ஜெர்மன் வகுப்பு, விமான டிக்கெட், குளிருக்கு ஜாக்கெட், அங்க வீட்டுக்கு அட்வான்ஸ். எல்லாம் சேர்த்து ஒண்ணே முக்கால் லட்சம் எழுதினோம். மொத்தம் முதல் வருஷத்துக்கு 13.65 லட்சம். முப்பது எங்க, இது எங்க!

நிலம் இருக்கு, ஆனா பேங்க் வேண்டாங்குது

13.65 லட்சத்துக்கு ஆறு ஏக்கர் நஞ்சையை ஈடு வச்சு கல்விக்கடன் வாங்கிடலாம்னுதான் டெல்டாவுல எல்லாரும் நினைப்பாங்க. பேங்க் மேனேஜர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துட்டு "விவசாய நிலம் எடுக்க மாட்டோம்"னு சொல்லுவார். அவருக்கு நம்ம மேல கோபம் ஒண்ணும் இல்லை. கடன் வராக்கடன் ஆனா, கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டை எடுத்து விக்க பேங்குக்கு அதிகாரம் தர்றது 2002-ல வந்த சர்ஃபேசி சட்டம். அந்தச் சட்டத்தோட 31-வது பிரிவு, விவசாய நிலத்துக்கு அது பொருந்தாதுன்னு சொல்லுது. விவசாயியைக் காப்பாத்த வச்ச பாதுகாப்பு அது. ஆனா விவசாயி பையன் படிக்கக் கடன் கேட்கும்போது அதே பாதுகாப்பு குறுக்க வந்து நிக்குது. விக்க முடியாத ஈடு பேங்குக்கு எதுக்கு?

சரி, வீட்டை வைக்கலாமா? நம்ம பக்கத்துல பல வீடு நத்தம் புறம்போக்கு, இல்லைன்னா கோயில், மடத்து அடிமனை. மாடி வீடே கட்டியிருந்தாலும் மனை உங்களுது இல்லைன்னா அடமானம் வைக்க முடியாது. நத்தம் பட்டா இருந்தாலும் கட்டட அனுமதி வரைபடம் கேட்பாங்க. இந்தக் குடும்பத்துக்கும் அதே நிலைமைதான்.

அப்போ ஈடு இல்லாம எவ்வளவு கிடைக்கும்? பேங்குகளோட மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது. வெளிநாட்டுப் படிப்புக்கு உங்க பங்கு 15 சதவீதம். வித்யாலக்ஷ்மி போர்ட்டல்ல விண்ணப்பிக்கலாம், அப்பா துணைக் கடன்தாரர். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால அப்பா ஐடிஆர் போட்டதே இல்லை, "வருமானச் சான்று எங்க?"ன்னு கேட்பாங்க. தாசில்தார் தர்ற வருமானச் சான்று, சிட்டா, அடங்கல், அப்புறம் கொள்முதல் நிலையத்துல இருந்து நேரா பேங்குல விழுந்த நெல்லுப் பணத்தோட ஸ்டேட்மென்ட், மூணும் சேர்த்துக் கொடுங்க. வியாபாரிகிட்ட ரொக்கத்துக்கு நெல்லு போடுற பழக்கம் இருந்தா, இந்த வருஷமாவது கொள்முதல் நிலையத்துல போடச் சொல்லுங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க. கடன் அனுமதிக் கடிதத்துல வாழ்க்கைச் செலவும், முடக்கப்பட்ட கணக்குக்கு நேரா அனுப்பலாம்ங்கிறதும் எழுத்துல இருக்கணும். 'டியூஷன் ஃபீஸ்'னு மட்டும் போட்டிருந்தா, ஃபீஸே இல்லாத நாட்டுக்கு அந்தக் கடன் எதுக்கு?

இப்போ பையனோட கணக்கு. மூணு வருஷத்துல எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட்னு 5.2 லட்சம் சேர்த்திருக்கான். (நல்ல பையன். நான் அந்த வயசுல பைக் மாத்திக்கிட்டு இருந்தேன்.) அடுத்த ஒன்பது மாசம் மாசம் 25,000 போட்டா 2.25 லட்சம். கடன் 7.5 லட்சம். மொத்தம் 14.95. தேவை 13.65. நிலத்தைத் தொடவே வேண்டாம்.

கடனோட விலையையும் சொல்லிடறேன். 10.5 சதவீத வட்டின்னு வச்சுக்குங்க. படிப்பு ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் அவகாசம், மூணு வருஷமும் ஒண்ணும் கட்டலைன்னா தனி வட்டி மட்டுமே 2.36 லட்சம் ஏறி, கடன் 9.86 லட்சமா நிக்கும். பத்து வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 13,300. அந்த மூணு வருஷமும் வட்டியை மட்டும், மாசம் சுமார் 6,560, அப்பா கட்டிட்டு வந்தா இஎம்ஐ 10,120-ல நிக்கும். அப்பா "அதை நான் பார்த்துக்கிறேன்"னார்.

வரி விஷயத்துல பேசுற பேச்சும் நிஜமும்

"கல்விக்கடனுக்கு 80இ இருக்கே, வரி மிச்சம்"னு எல்லா வீடியோவுலயும் சொல்லுவாங்க, நானும் சொல்லியிருக்கேன். இந்தக் குடும்பத்துக்கு அதுல ஒரு பைசா பயன் இல்லை. 80இ வட்டிக்கு மட்டும், எட்டு வருஷத்துக்கு. புதிய வரி முறையில கிடையவே கிடையாது. அப்பாவுக்கு வரி கட்டுற வருமானம் இல்லை. பையன் ஜெர்மனியில சம்பாதிச்சா இந்தியாவுல கழிக்க வருமானம் இருக்காது. நகைக்கடன், ஊர்க்கடன் வட்டிக்கும் 80இ பொருந்தாது. அதனால வரி மிச்சத்தை நம்பி பெரிய கடன் வாங்காதீங்க.

நிஜமா மிச்சம் ஆகுற இடம் டிசிஎஸ். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பேங்க் பிடிக்கிற வரி. 2025 ஏப்ரல் 1-ல இருந்து, ஒருத்தர் ஒரு நிதியாண்டுல அனுப்புறது 10 லட்சத்தைத் தாண்டினாதான் இது. படிப்புக்கு சொந்தப் பணம்னா 2025-26 நிதியாண்டுல தாண்டின தொகைக்கு 5 சதவீதம். நிதி நிறுவனக் கல்விக்கடன் பணம்னா டிசிஎஸ் இல்லவே இல்லை. வேற காரணம்னு போட்டா 20 சதவீதம். அந்தக் கணக்குப்படி 11.9 லட்சத்தையும் சொந்தப் பணமா அனுப்பினா 9,500 ரூபாய். அதையே ஃபாரம்ல காரணத்தைத் தப்பா டிக் பண்ணினா 38,000. கல்விப் பயணத்துக்கான குறியீடு எஸ்0305, ஃபாரம்ல அது இருக்கான்னு நீங்களே பாருங்க. நம்ம பையனுக்கு 7.5 கடன்ல இருந்து போகும், மிச்ச 4.4 சொந்தப் பணம், டிசிஎஸ் பூஜ்யம். பிடிச்சிட்டாலும் பணம் போச்சுன்னு இல்லை, ஐடிஆர்ல கழிச்சுக்கலாம். வேலையில இருக்கும்போதே பிடிச்சா ஃபாரம் 12பிஏஏ கொடுத்து சம்பள டிடிஎஸ்ல சரிக்கட்டலாம், 2024 அக்டோபர்ல வந்த வசதி.

வேலையை விட்டுட்டுப் போற வருஷம் ஐடிஆர் போடாம போயிடாதீங்க. கம்பெனி முழு வருஷச் சம்பளத்தைக் கணக்கு வச்சு டிடிஎஸ் பிடிச்சிருக்கும், பாதியில நின்னா பெரும்பாலும் ரீஃபண்ட் வரும். அந்தப் பணம்தான் உங்க முதல் குளிர்கால ஜாக்கெட். பிஎஃப்-ஐ அஞ்சு வருஷம் முடியாம எடுத்தா வரி உண்டு, அவசரம் இல்லைன்னா விட்டுடுங்க. படிக்கப் போறவங்களையும் ஃபெமா விதிப்படி வெளிநாடுவாழ் இந்தியராத்தான் பார்க்கிறாங்க, அதனால சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ-வா மாத்தணும்.

அப்படியும் நிலத்தை வித்தே ஆகணும்னா

சிலருக்கு வேற வழி இருக்காது. ஊரக விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை, வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா 'ஊரகம்'ங்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியுற வயக்காடு இல்லை. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல, பத்து லட்சம் வரை உள்ள நகர எல்லையில இருந்து நேர்க்கோட்டுல 6 கிலோமீட்டருக்கு வெளியில இருக்கணும். தஞ்சாவூரும் கும்பகோணமும் இந்த வரிசையில வரும். பத்தாயிரத்துக்கு மேல ஒரு லட்சம் வரைன்னா, பட்டுக்கோட்டை மாதிரி, 2 கிலோமீட்டர். பைபாஸ் பக்கத்து நிலமா இருந்தா விக்கிறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க.

வாங்குறவர் "பாதி ரொக்கம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. சொத்து விற்பனையில 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ரெண்டு பக்கமும் வரி கட்ட வேண்டாத விவசாயிகளா இருந்தா விலக்கு உண்டு, வாங்குறவர் டவுன் வியாபாரின்னா கிடையாது. அது மட்டும் இல்லை, ரொக்கப் பணத்தை ஜெர்மனிக்கு அனுப்ப முடியாது.

ரெண்டாவது வருஷம்

இங்கதான் நான் பையனை கொஞ்சம் பயமுறுத்தினேன். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது திரும்ப பணத்தையோ வருமானத்தையோ காட்டணும். "பார்ட் டைம் பண்ணிக்குவேன் அண்ணா"ன்னான். மாணவர் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2025-ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. வாரம் 20 மணி நேரம் கிடைச்சா மாசம் சுமார் 1,100 யூரோ, பிடித்தம் போக மாசச் செலவுக்குச் சரியா இருக்கும். ஆனா கம்பெனிகள்ல படிப்புக்கு ஏத்த வேலை கிடைக்க ஜெர்மன் பேசத் தெரியணும். முதல் செமஸ்டர்லயே கிடைக்கும்னு எழுதாதீங்க. நாங்க பாதி வருமானம்னு எழுதினோம், ரெண்டாவது வருஷம் ஆறு லட்சம் இடிச்சது. அம்மா நகை தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஏற்கனவே முடிவான விஷயம். அதனால அந்த ஆறு லட்சத்துக்கு எதிரே, முதல் வருஷ மிச்சம் 1.3 லட்சம், ரெண்டு சம்பாவுல அப்பா ஒதுக்கக்கூடிய 2 லட்சம், இவ்வளவுதான் எழுத முடிஞ்சுது. 2.7 லட்சம் ஓட்டை.

அந்த ஓட்டையை மறைச்சு "எல்லாம் சரியாயிடும்"னு அனுப்பி வைக்க எனக்கு மனசு இல்லை. இன்னொரு விஷயமும் சொன்னேன். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பக்கம் ஜெர்மனியில இப்போ காலம் சரியில்லை. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள்ள 35,000-க்கு மேல வேலைகளைக் குறைக்க 2024 டிசம்பர்ல தொழிற்சங்கத்தோட ஒப்பந்தம் போட்டது. படிப்பு முடிஞ்சதும் வேலை தேட 18 மாசம் அனுமதி உண்டு, அது நல்ல விஷயம். ஆனா இஎம்ஐ அந்த அவகாசத்துலேயே தொடங்கிடும்.

அவனுக்கு ரெண்டு வழி வச்சேன். ஒண்ணு, 2026 குளிர்கால செமஸ்டருக்கே போறது. பல இடத்துல ஜூலை 15 கடைசித் தேதி, சில பெரிய பல்கலைகள் மார்ச், மே மாசமே மூடிடும். இன்னொண்ணு, ஒரு வருஷம் தள்ளி 2027-க்குப் போறது. அந்த ஒரு வருஷத்துல 3 லட்சம் கூட சேரும், ஓட்டை அடைபடும், ஜெர்மன் பி1 வரைக்கும் முடிச்சுடலாம். வயசு 28 ஆகும், பரவாயில்லை. 30 தாண்டினா மட்டும் அரசு மருத்துவக் காப்பீட்டுல மாணவர் சலுகைக் கட்டணம் கிடைக்காது, செலவு கூடும். உங்கள்ல 28, 29-ல இருக்கிறவங்க இதைக் கணக்குல எடுத்துக்குங்க, ரெண்டு மூணு வருஷம் தள்ளிப்போடற வசதி உங்களுக்கு இல்லை.

விசா விஷயத்துல ஒரு மாற்றமும் தெரிஞ்சிருக்கணும். முன்னாடி நிராகரிச்சா இலவசமா மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1-ல இருந்து ஜெர்மனி அதை எடுத்துடுச்சு. புதுசா விண்ணப்பிக்கணும், இல்லைன்னா அங்க கோர்ட்டுக்குப் போகணும். அதனால விசா கையில வர்றவரைக்கும் வேலையை ராஜினாமா பண்ணாதீங்க. மூணு மாச நோட்டீஸ் இருக்கிற கம்பெனின்னா, நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமான்னு இப்பவே எச்ஆர்கிட்ட கேட்டு, அந்தத் தொகையையும் பட்ஜெட்ல எழுதுங்க.

பையன் 2027-ன்னு முடிவு பண்ணினான், உடனே இல்லை, ஒரு வாரம் கழிச்சு போன்ல. ஏபிஎஸ்-க்கு மட்டும் இப்பவே போட்டுட்டான், அது ஒரு தடவை வாங்கினா போதும். சென்னையில சனி ஞாயிறு ஜெர்மன் வகுப்புல சேர்ந்திருக்கான். அப்பா அந்த மஞ்சப்பையை அன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டார். போகும்போது வாசல்ல நின்னு, "நிலத்துக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடவா தம்பி?"ன்னார். சொல்லிடுங்க ஐயான்னேன்.

அடுத்த வீடியோவுல முடக்கப்பட்ட கணக்குக்குப் பணம் அனுப்புற ஃபாரத்தை வரி வரியா நிரப்பிக் காட்டுறேன்.